ஒரு டன் பனியில் ஒரு மைக்ரோகிராம் ஈயம்

துருவப் பனியில் சுவடுத் தனிமங்களை அளப்பதைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு எண்கள் வந்து விழும். கி.மு. 800 வாக்கில் கிரீன்லாந்தில் பெய்த பனியில் கிலோவுக்கு ஒரு நானோகிராமுக்கும் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) குறைவான ஈயம். 1965இல் பெய்த பனியில் 200 நானோகிராமுக்கும் மேல். முரோசூமி, சௌ, பேட்டர்சன் ஆகிய மூவரும் 1969இல் வெளியிட்டவை இவை. ஏற்றத்தின் செங்குத்தான பகுதி 1940க்குப் பிறகு வந்தது. அந்தக் காலத்தில் வடக்கு அரைக்கோளத்தில் காற்றில் கலந்த ஈயத்தின் பெரும்பகுதி பெட்ரோலில் சேர்க்கப்பட்ட டெட்ராஎத்தில் ஈயத்திலிருந்து வந்தது. ஆள் அரவமே இல்லாத பனிப்பரப்பு, நகரங்களின் வண்டிப் புகையைக் கணக்கெழுதி வைத்திருந்தது.

எல்லோர் கண்ணும் 200 என்ற எண்ணின் மேல்தான் போகும். உண்மையில் பாடுபட்டுப் பெற்றது அந்த ஒன்றுக்கும் குறைவான எண். பெரிய எண்ணை ஓரளவு கவனமான எந்த ஆய்வகமும் எட்டிவிடும். சின்ன எண்ணை எட்ட ஆய்வுலகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. இந்த நிகழ்வு ஆய்வு அந்தச் சின்ன எண்ணைப் பற்றியது.

சின்ன எண் ஏன் முக்கியம்

ஒரு கணக்கு. பழைய பனியில் கிலோவுக்கு 1 நானோகிராம், புதிய பனியில் 200 என்று வைத்துக்கொள்வோம். மாதிரியை எடுக்கும்போதோ உருக்கும்போதோ அளக்கும்போதோ எங்கிருந்தோ 50 நானோகிராம் ஈயம் இரண்டிலும் சேர்ந்துவிடுகிறது. இப்போது பழையது 51, புதியது 250. இருநூறு மடங்கு என்றிருந்த உயர்வு ஐந்து மடங்கிற்குள் அடங்கிவிட்டது. ஆய்வாளர் மாசு கூடியதாக எழுதுவார். ஆனால் அதிர்ச்சி தரும் அளவில் இல்லை என்றும் சேர்த்து எழுதுவார். அண்டார்டிகாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புதிய பனியிலேயே ஒரு சில நானோகிராம்தான். 50 சேர்ந்தால் பழையதும் புதியதும் ஒன்றாகத் தெரியும். உயர்வே இல்லை என்ற முடிவு வரும்.

அளவியலில் அழுக்கு சேர்ந்தால் மாசு அதிகமாகத் தெரியும் என்றுதான் சாதாரணமாக நினைப்போம். இங்கே தலைகீழ். அழுக்கான ஆய்வகம், உலகம் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடும். அன்றைய விவாதத்தில் இது வெறும் ஆய்வகப் பிரச்சினையும் அல்ல. உடலிலும் சூழலிலும் காணும் ஈயம் இயற்கையானதே, ஒரு வரம்புக்குக் கீழ் அது தீங்கு செய்யாது என்று ஈயத் தொழில் சார்பில் ராபர்ட் கீஹோ பல பத்தாண்டுகளாக வாதாடி வந்தார். தொழில்துறைக்கு முந்தைய காலத்தின் உண்மையான அளவைக் காட்டாமல் அந்த வாதத்தை உடைக்க முடியாது. அதைக் காட்டக்கூடிய முக்கியமான இடம் பழைய பனி.

இதற்குக் கிளேர் பேட்டர்சன் வந்து சேர்ந்தது சுற்றுவழியில். விண்கற்களிலுள்ள ஈய ஐசோடோப்புகளை, அதாவது நிறையில் வேறுபடும் ஈய அணு வகைகளை, அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் நிறுவியவர் அவர். அந்த வேலைக்காக நுண்ணளவு ஈயத்தை அளக்கப் புகுந்தபோது, எண்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூடுதலாகவும் முறையில்லாமலும் வந்துகொண்டிருந்தன. கல்லில் இருந்ததைக் காட்டிலும் காற்றிலும் பாத்திரத்திலும் அமிலத்திலும் இருந்த ஈயம்தான் அதிகம். உப்பு ஒட்டிய கையால் தண்ணீர் மொண்டு ருசி பார்ப்பது போன்ற நிலை. கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் அவர் எழுப்பிய சுத்த அறை இந்தத் துறைக்கே முன்மாதிரியானது. பிறகு கடல் நீரை அளந்தார். ஆழ்கடலைவிட மேற்பரப்பில் ஈயம் அதிகமாக இருந்தது; அண்மையில் வானிலிருந்து விழுந்தது என்றால்தான் அது பொருந்தும். வானிலிருந்து விழுவதை ஆண்டு ஆண்டாக அடுக்கி வைத்திருப்பது பனி. அடுத்த அடி அங்கேதான்.

தண்டு வேண்டாம், பாளம் போதும்

கிரீன்லாந்தின் வடமேற்கில் அமெரிக்க ராணுவம் பனிக்குள் குடைந்து அமைத்திருந்த கேம்ப் செஞ்சுரி முகாம் கைகொடுத்தது. அங்கே சரிவாகக் கீழிறங்கிய ஒரு குடைவின் சுவரிலிருந்து பழைய பனியைப் பாளங்களாக வெட்டி எடுத்தார்கள். புதிய பனியை முகாமின் புகை எட்டாத தொலைவில் தோண்டி எடுத்தார்கள். துளையிட்டு எடுக்கும் பனித்தண்டை, அதாவது ஐஸ் கோரை, ஏன் நம்பவில்லை? தண்டு உலோகக் குழாயை உரசிக்கொண்டு மேலே வருகிறது. அன்றைய அளவீட்டு முறைக்கோ கிலோக் கணக்கில் பனி வேண்டும். பாளம் என்றால் வெளிப்புறத்தைத் தாராளமாகச் செதுக்கி எறியலாம்.

அளந்த முறை ஐசோடோப்பு நீர்ப்பு. மாதிரியில் ஒரே ஒரு ஈய ஐசோடோப்பு செறிந்த கரைசலைத் தெரிந்த அளவு சேர்ப்பார்கள். கலந்த பின் நிறை நிறமாலைமானியில் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தால், மாதிரியில் முதலில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று கணக்கில் வந்துவிடும். இதன் அழகு, நடுவில் பாதி ஈயம் வீணானாலும் விடை மாறாது; விகிதம் அப்படியே இருக்கும். ஆனால் நடுவில் ஈயம் உள்ளே வந்தால் முறைக்கு அது தெரியவே தெரியாது. இழப்பை மன்னிக்கும், சேர்க்கையை மன்னிக்காது. அதனால் முழுச் சுமையும் சுத்தத்தின் மேல், ஆய்வகப் பேச்சில் சொன்னால் பிளாங்க்கின் மேல் விழுகிறது. மாதிரியே இல்லாமல் எல்லாப் படிகளையும் செய்து பார்த்தால் எவ்வளவு ஈயம் வருகிறது என்பதுதான் பிளாங்க்.

எவ்வளவு சேர்ந்தால் கெட்டுப்போகும் என்று பார்க்கலாம். ஒரு கிலோ பழம்பனியில் இருப்பது ஒரு நானோகிராம் ஈயம். ஈய பெட்ரோல் ஓடிய காலத்தில் நகரத் தெருத் தூசியில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராம் ஈயம் இருப்பது அதிசயமல்ல. அந்தத் தூசியில் ஒரு மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத துணுக்கு, விழுந்தால் போதும்: ஒரு நானோகிராம் சேர்ந்து விடை இரட்டிப்பாகிவிடும்.

வெளியிலிருந்து உள்ளே

1970களில் வேறு சில குழுக்களும் அண்டார்டிகப் பனியில் உலோகங்களை அளந்தன. பழைய பனிக்கும் புதிய பனிக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது போன்ற முடிவுகள் வந்தன. அந்த எண்களில் பல பின்னாளில் கைவிடப்பட்டன. மேலே போட்ட 50 நானோகிராம் கணக்கு நிஜத்தில் நடந்ததன் சுருக்கமே.

திருப்பம் 1981இல் ஆமி இங், பேட்டர்சன் இருவரும் வெளியிட்ட வேலையில் வந்தது. கேம்ப் செஞ்சுரியிலும் அண்டார்டிகாவின் பேர்ட் நிலையத்திலும் துளையிட்டு எடுத்த ஆழ்தண்டுகளையே அவர்கள் கையில் எடுத்தார்கள். தண்டின் வெளிப்புறம் மோசமாக அழுக்காகியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அழுக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை யாரும் ஊகிக்க வேண்டாம், அதையே அளந்துவிடலாம் என்பதுதான் அவர்கள் செய்தது. வெளிப்புறத்திலிருந்து அடுக்கடுக்காகச் செதுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் தனி மாதிரியாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஈயத்தை அளந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய பனியின் உட்பகுதியில் கிரீன்லாந்தில் கிலோவுக்குச் சுமார் 1.4 நானோகிராம், அண்டார்டிகாவில் சுமார் 1.2 என்று வந்தது. பேட்டர்சனோடு சேர்ந்து வேலை பார்த்த கிளாட் பூட்ரோன் பிறகு கிரெனோபிளில் இதை ஒரு மரபாகவே வளர்த்தார். இன்று இயற்கை அளவு அதிலும் பாதிக்குக் கீழே, கிராமுக்கு அரை பிகோகிராம் சுற்றுவட்டாரத்தில் நிற்கிறது. கிராமுக்கு ஒரு பிகோகிராம் என்பதும் கிலோவுக்கு ஒரு நானோகிராம் என்பதும் ஒன்றே; ஒரு டன் பனியில் ஒரு மைக்ரோகிராம்.

கிரெனோபிள் குழு செய்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன். உறைநிலைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே ஒரு குளிர் அறை. அதற்குள் வடிகட்டிய காற்று ஒரே திசையில் சீராக ஓடும் மேடை. மேடையில் பாலிஎத்திலீனாலேயே செய்த லேத். தண்டு அதில் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டு மெல்லச் சுழற்றப்படும். செதுக்குபவர் தோள்வரை நீளும் பாலிஎத்திலீன் கையுறை அணிந்திருப்பார். ஓர் அடுக்கைச் செதுக்கிய உளி அடுத்த அடுக்கைத் தொடாது. அமிலத்தில் கழுவிய வேறு உளி வரும். சீவல்கள் நேராகப் பாலிஎத்திலீன் புட்டிக்குப் போகும். அந்தப் புட்டிகள் அதற்குமுன் வாரக்கணக்கில் நைட்ரிக் அமிலத் தொட்டிகளில் ஊறியவை. ஒவ்வொரு தொட்டியிலும் அமிலம் முந்தையதைவிடச் சுத்தமானது. கொதிநிலைக்குக் கீழேயே மெதுவாக ஆவியாக்கி வடித்த அமிலத்தைக் கடைசியில் பயன்படுத்துவார்கள். இவ்வளவும் ஒரு தண்டுத் துண்டுக்கு. ஒரு நாளில் ஓரிரு துண்டுகள் முடிந்தால் பெரிய விஷயம்.

முடிவில் கிடைப்பது ஒரு குறுக்குவெட்டு வரைபடம். எண்கள் நான் உதாரணத்துக்காக எழுதுபவை: வெளி அடுக்கு 2000, அடுத்தது 60, மூன்றாவது 3, நான்காவது 0.6, மையம் 0.6. கடைசி இரண்டும் ஒத்துப்போகின்றன. அழுக்கு நான்காவது அடுக்குவரை எட்டவில்லை என்று பொருள், எனவே மையத்தின் எண்ணை நம்பலாம். இதையே 2000, 300, 80, 20, 6 என்று வந்தால்? மையத்தில் 6 இருக்கிறது என்று எழுதக்கூடாது. இன்னும் உள்ளே போக முடிந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். 6 என்பது மேல்வரம்பு மட்டுமே. அந்தத் துண்டை ஒதுக்கிவைப்பதே நேர்மை. துளை மூடிக்கொள்ளாமலிருக்க ஊற்றும் மண்ணெண்ணெய் வகைத் திரவம், தண்டு மேலே வரும்போது விழும் மயிரிழை விரிசல்கள் வழியே மையம்வரை ஈயத்தைக் கொண்டுபோய்விடும். விரிசல் விழுந்த தண்டுகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை வரைபடம்தான் கிடைக்கும்.

அளவுக்கு மீறிய கெடுபிடியாகத் தோன்றலாம். என் பார்வையில் 200 மடங்கு உயர்வு என்ற கண்டுபிடிப்பைவிட இந்த வரைபடமே இந்த நிகழ்வின் பெரிய சாதனை. மாதிரி சுத்தமா இல்லையா என்பதை ஆய்வாளரின் வார்த்தையிலிருந்து பிரித்து, எவரும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தரவாக மாற்றியது அது. இதோடு, தூய நீரை உறையவைத்துச் செய்த போலித் தண்டையும் அதே லேத்தில் அதே உளியால் செதுக்கி அளப்பார்கள். அதில் வரும் ஈயம் முழுக்க நம் கை சேர்த்தது.

தூசியா, மனிதனா

கிலோவுக்கு இத்தனை ஈயம் என்று தெரிந்தால் மட்டும் போதாது. இயற்கையான தூசியிலும் ஈயம் உண்டு. மேலோட்டுப் பாறையில் கிராமுக்குச் சுமார் 17 மைக்ரோகிராம் ஈயம், அலுமினியமோ சுமார் 8 விழுக்காடு. ஒரு கிராம் பனியில் 50 நானோகிராம் தூசி இருந்தால், அதனோடு வரும் அலுமினியம் 4 நானோகிராம், ஈயம் 0.85 பிகோகிராம். அப்படியானால் அலுமினியத்தை அளந்தாலே தூசியின் பங்கு ஈயத்தைக் கழித்துவிடலாம். 4 நானோகிராம் அலுமினியத்தோடு 200 பிகோகிராம் ஈயம் இருந்தால், தூசி தரக்கூடியதைவிட இருநூறு மடங்குக்கும் மேல். செறிவூட்டக் காரணி என்று இதைச் சொல்வார்கள். எரிமலைகளும் ஈயம் கக்குவதால் இரண்டு மூன்று மடங்கு வந்தவுடன் மனிதன்மேல் பழி போடக்கூடாது. நூற்றுக்கணக்கில் வந்தால் ஐயமில்லை. பனியுகத்துப் பனியில் ஈயம் கூடுதலாக இருக்கும், ஆனால் தூசியும் அதே அளவு கூடியிருக்கும். காரணியைப் பார்த்தால் அமைதியாகவே இருக்கும்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு ஐசோடோப்புகள் சாட்சி. ஈயம் 206க்கும் 207க்கும் உள்ள விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். 1970களின் அமெரிக்க பெட்ரோல் ஈயத்தில் அது 1.2க்கு மேல், ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் தாதுவில் ஏறக்குறைய 1.04. கெவின் ராஸ்மனின் குழு கிரீன்லாந்துப் பனியில் இதை அளந்து, 1960களின் பிற்பகுதிக்குப் பின் அமெரிக்க ஈயத்தின் பங்கு சரிந்ததைக் காட்டியது. அமெரிக்கா ஈய பெட்ரோலைக் குறைத்த காலம் அது. மொத்த அளவும் குறைந்தது: 1991இல் பூட்ரோனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டபடி, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் கிரீன்லாந்துப் பனியின் ஈயம் ஏழரை மடங்கு இறங்கியிருந்தது. ஒரு சட்டம் வேலை செய்ததற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இப்படி ஒரு ரசீது கிடைப்பது அபூர்வம்.

ரோமின் புகை

சின்ன எண் கைக்கு வந்ததும், அதுவரை கண்ணில் படாதது தெரிய ஆரம்பித்தது. கிரீன்லாந்தின் உச்சியில் 1992இல் 3029 மீட்டர் ஆழத்தை எட்டிய கிரிப் தண்டில், 3000 முதல் 500 ஆண்டுகளுக்கு முந்தைய பகுதியைச் சங்மின் ஹாங் தலைமையிலான குழு அளந்து 1994இல் வெளியிட்டது. கி.மு. 500 முதல் கி.பி. 300 வரை ஈயம் இயற்கை அளவைப்போல் நான்கு மடங்குவரை இருந்தது. கிரேக்கரும் ரோமரும் வெள்ளிக்காக உருக்கிய தாதுவின் ஆவி. ஐசோடோப்புகள் ஸ்பெயினின் சுரங்கங்களைக் காட்டின. நான்கு மடங்கு என்றால் கிராமுக்கு இரண்டு பிகோகிராம்தான். கிராமுக்கு ஐந்து பிகோகிராம் பிளாங்க் உள்ள ஆய்வகத்தில் ரோமப் பேரரசே இருந்திருக்காது.

உளிக்குப் பதில் உருக்குதலை

செதுக்கும் முறையின் பலவீனம் வேகம். ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில துண்டுகள்தான் அளக்க முடியும். இடையில் நடந்தது எதுவும் தெரியாது. 2000களின் தொடக்கத்தில் ஜோ மக்கானல் குழு தொடர் உருக்கு முறையை ஐசிபி-எம்எஸ் என்ற பிளாஸ்மா நிறை நிறமாலைமானியோடு நேரடியாக இணைத்தது. சுமார் மூன்றரை சென்டிமீட்டர் சதுரமாக அறுத்த நீளப் பனிக்குச்சியைச் சூடான உருக்குதலையின் மேல் செங்குத்தாக நிறுத்துவார்கள். தலையில் வளையங்கள் செதுக்கப்பட்டிருக்கும். நடு வளையத்தில் உருகும் நீர் மட்டும் கருவிக்குப் போகும். வெளி வளையத்தின் நீர், அதாவது அறுத்த, கைபட்ட பக்கங்களின் நீர், கழிவுக்கு. நடுவில் உருகுவதில் ஒரு பகுதி எப்போதும் வெளிநோக்கி வழியும்படி ஓட்டத்தை வைப்பதால் வெளி நீர் உள்ளே வர வழியில்லை. உளி செய்த வேலையை இங்கே நீரின் ஓட்டம் செய்கிறது. குச்சி முறிந்த இடங்களை மட்டும் முன்கூட்டியே சீவிச் சுத்தம் செய்ய வேண்டும். மேல்மட்டத்துப் பனி முழுதும் இறுகாமல் துளைகளோடு இருப்பதால் உருகிய நீரை உறிஞ்சி மேலே இழுக்கும். அங்கே ஆழக் கணக்கு சற்றுக் குழம்பும்.

ஓடும் நீரில் நைட்ரிக் அமிலம் கலந்து, ஆயிரக்கணக்கான டிகிரி சூடான ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளிப்பார்கள். அயனிகள் நிறைவாரியாகப் பிரிந்து எண்ணப்படும். சென்டிமீட்டர் அளவில் விவரம் கிடைக்கிறது. 2018இல் வெளியான வரிசையில் கி.மு. 1100 முதல் கி.பி. 800 வரையிலான ஈயம் போர்களோடும் கொள்ளைநோய்களோடும் ஏறி இறங்குவது தெரிந்தது. கி.பி. 165இல் தொடங்கிய அந்தோனைன் கொள்ளைநோயோடு ஈயம் சரிந்து, பல நூற்றாண்டுகள் எழவே இல்லை. 1994இல் ஒரே மேடாகத் தெரிந்தது இப்போது மேடும் பள்ளமுமாகப் பிரிந்துவிட்டது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள். அமிலம் கலந்த சில நிமிடங்களில் அளந்துவிடுவதால் தூசித் துகள்கள் முழுதாகக் கரைவதில்லை. புட்டியில் அமிலமிட்டு வைத்த மாதிரியில் இரும்பின் அளவு வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதன் உருக்கி வெளியிட்ட ஈயம் நுண்துகளாக வருவதால் எளிதில் கரையும், பாதிப்புக் குறைவு. அலுமினியம் அப்படியல்ல. அலுமினியம் குறைவாகப் பதிவானால் செறிவூட்டக் காரணி ஊதிப்போகும். இரு முறைகளில் வந்த காரணிகளை ஒரே வரைபடத்தில் போடுபவர்கள் இதைக் கவனித்தாக வேண்டும்.

அண்டார்டிகா, 1889

1970களில் உயர்வே இல்லை என்று தோன்றிய அண்டார்டிகாவுக்கு 2014இல் விடை கிடைத்தது. கண்டம் முழுதும் பரவிய 16 தண்டுகள். எல்லாவற்றிலும் தொழிற்சாலை ஈயம் 1889 வாக்கில் தலைகாட்டுகிறது; அமுண்ட்சென் தென்துருவத்தில் கால்வைப்பதற்கு 22 ஆண்டுகள் முன்பே. ஐசோடோப்பு விகிதம் புரோக்கன் ஹில்லின் குறைந்த எண்ணை நோக்கி இறங்குகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீயில் அந்தத் தாதுவை உருக்கத் தொடங்கிய காலமும் அதுவே. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது ஒரு சரிவு, இரண்டாம் உலகப் போரின் முடிவில் இன்னொன்று. 130 ஆண்டுகளில் கண்டம் முழுவதற்குமாக விழுந்தது சுமார் 660 டன். இத்தனை பெரிய பரப்பில் பரவியதால்தான் கிராமுக்குச் சில பிகோகிராம் என்று நிற்கிறது. ஈய பெட்ரோல் கைவிடப்பட்ட பிறகும் அளவு பழைய இயற்கை நிலைக்குத் திரும்பவில்லை.

இதற்கிடையில் கிரீன்லாந்தின் புதிய பனியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கூடியிருப்பதை 2001இல் கார்லோ பர்பாந்தே குழு காட்டியது. வண்டிப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிகளில் இருப்பவை இந்த மூன்றும். ஈயம் பட்டால் கெட்டுப்போகும் அந்த வினையூக்கிகளுக்காகவும்தான் பெட்ரோலிலிருந்து ஈயம் விலக்கப்பட்டது. பனியில் இவற்றின் அளவு ஈயத்தையும்விட மிகக் குறைவு. பிளாட்டினத்தில் இன்னொரு தொல்லை, பிளாஸ்மாவில் ஹாஃப்னியம் ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாகும் அயனி ஏறக்குறைய அதே நிறையில் வந்து உட்காரும். தூசியில் ஹாஃப்னியம் எப்போதும் இருக்கும். எனவே இங்கே உளியும் கையுறையும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போதாது. ஒவ்வொரு மாதிரியிலும் ஹாஃப்னியத்தையும் அளந்து, அதன் ஆக்சைடின் பங்கைக் கழித்த பிறகே பிளாட்டினத்தின் எண்ணை எழுத முடியும்.